தமிழ் வழியில் படித்தவள், கோச்சிங் போகாமல் வீட்டிலிருந்தே நீட் ரிப்பீட் செய்ய முடியுமா?

முடியும். நான் செய்தேன். பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறிக் குடும்பம், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி, தமிழ் வழி. இப்போது ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் இறுதியாண்டு.

முதல் தடவை மார்க் குறைவு, கோச்சிங்குக்குப் பணம் இல்லை, பேசாமல் பி.எஸ்சி. சேர்ந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். உன்னைத் தங்கச்சியாக நினைத்தே பதில் சொல்கிறேன். பயாலஜி ஓரளவு வந்திருக்கும், பிசிக்ஸ் காலை வாரியிருக்கும். "வயசுப் பொண்ணை ஒரு வருஷம் சும்மா உட்கார வைக்கிறதா?" என்று சொந்தக்காரர்கள் ஆரம்பித்திருப்பார்கள். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார்: "படிக்கிறேங்குது, படிக்கட்டும்."

"7.5 சதவீதத்தில் போனவள்தானே" என்று இங்கே எழுத சிலர் வருவார்கள். ஆமாம், அதில்தான் போனேன். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்காக மருத்துவ இடங்களில் 2020-ல் தமிழக அரசு கொண்டுவந்த உள்ஒதுக்கீட்டுச் சட்டம் அது. அதற்கும் நீட்டில் தகுதி மார்க் எடுக்கத்தான் வேண்டும். உள்ளே போனபின் அனாட்டமி எல்லாருக்கும் ஒரே அனாட்டமி, பாஸ் மார்க்கும் ஒன்றுதான். நான் வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை, நீயும் வெட்கப்படாதே.

இனிப் படிப்பு. மொத்தம் 720 மார்க்கில் பயாலஜி மட்டும் 360. பிசிக்ஸ் 180, கெமிஸ்ட்ரி 180. வீட்டிலிருந்து படிப்பவளுக்குச் சோறு போடுவது பயாலஜிதான். ஆனால் நீட் கேள்விகளுக்கு அடிப்படையான மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. புத்தகம் தமிழில் கிடையாது. நம் பாடநூலில் ஒரு பாடத்தை வாசித்துப் புரிந்துகொள், உடனே அதே பாடத்தை என்.சி.இ.ஆர்.டி.யில் ஆங்கிலத்தில் வாசி. முதல் மாதம் ஒரு பக்கத்துக்கு அரை மணி ஆகும். பரவாயில்லை, போகப்போக ஓடும். படத்துக்குக் கீழே உள்ள குறிப்பு, அட்டவணை, ஒன்றையும் தாண்டாதே.

சுவாசப் பாடத்தையே எடுத்துக்கொள். சாதாரணமாக ஒரு மூச்சில் போய்வரும் காற்று 500 மி.லி. அதற்கு மேல் இழுத்தால் 2500 முதல் 3000, முக்கி வெளியே விட்டால் 1000 முதல் 1100, என்ன செய்தாலும் உள்ளேயே தங்குவது 1100 முதல் 1200. எண்ணை நேரடியாகவும் கேட்பான், இதில் எதையெல்லாம் கூட்டினால் வைட்டல் கெபாசிட்டி (முழுக்க இழுத்து முழுக்க வெளியே விடும் காற்றின் அளவு) என்றும் கேட்பான். கடைசியாகச் சொன்னது அதில் சேராது, அங்கேதான் பலருக்கு மார்க் போகும். நான் இதைக் காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதி அடுப்படியில் மாட்டியிருந்தேன். முதலாண்டு பிசியாலஜியில் இதே எண்களைப் பார்த்தபோது பாதி வகுப்பு மனப்பாடம் செய்துகொண்டிருந்தது, எனக்கு வேலையே இல்லை.

பிசிக்ஸில் எல்லாப் பாடத்தையும் பிடிக்கப் பார்க்காதே என்பது என் கருத்து. ஒத்துக்கொள்ளாதவர்கள் இருப்பார்கள், அவர்கள் 650-க்குக் குறி வைப்பவர்கள், அது வேறு கணக்கு. அலகுகள், மின்னோட்டவியல், குறைக்கடத்தி, அணு, அணுக்கரு இவற்றை முதலில் கைவசம் கொண்டுவா. பழைய கேள்வித்தாள்களில் இவை திரும்பத் திரும்ப வரும், ஒரு சூத்திரத்தில் முடியும். சுழற்சி இயக்கத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். சரிக்கு 4, தப்புக்கு மைனஸ் 1. நாலு விடையில் இரண்டையாவது தள்ள முடிந்தால் போடு, முடியாவிட்டால் அடுத்ததுக்குப் போ. கெமிஸ்ட்ரியில் இனார்கானிக் முழுக்க என்.சி.இ.ஆர்.டி. வரிகள்தான்.

ஞாயிறுதோறும் மதியம் 2 மணிக்கு மாதிரித் தேர்வு எழுது. அசல் தேர்வும் அதே நேரம்தான், சாப்பிட்டபின் கண்ணைச் சொருகும் நேரம். நான் எழுதிய 2022-ல் 200 கேள்வியில் சாய்ஸ் போக 180 எழுத 200 நிமிடம் இருந்தது. 2025 முதல் சாய்ஸும் இல்லை, அந்தக் கூடுதல் 20 நிமிடமும் இல்லை. பயாலஜியை முதலில் முடித்துவிடு. ஜெராக்ஸ் கடையில் ஓ.எம்.ஆர். தாள் எடுத்து, பால்பாயிண்ட் பேனாவால் வட்டம் நிரப்பிப் பழகு, அழிக்க முடியாது என்பது கைக்குப் பழக வேண்டும். எங்கள் சுவருக்கு அந்தப்பக்கம் தறி ஓடும், அந்தச் சத்தத்திலேயே எழுதினேன். தேர்வு அறையில் மின்விசிறி கடகடத்தபோது பக்கத்துப் பெண் தவித்துப்போனாள், எனக்கு அது காதிலேயே விழவில்லை.

விண்ணப்பத்தில் மொழி தமிழ் என்றே போடு. கேள்வி தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்ந்து வரும். ஆனால் தமிழை மட்டும் வாசித்து விடை போட்டுவிடாதே. 2018-ல் தமிழ்க் கேள்வித்தாளில் 49 கேள்விகளில் பிழை என்று வழக்கு நடந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மார்க் கொடுக்கச் சொன்னது, உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. குழப்பம் வந்தால் ஆங்கிலமே இறுதி என்பதுதான் விதி. நம் பிள்ளைகளுக்கு இழைத்த அநியாயம் அது, இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

இன்னொன்றும் ஆறவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். கடைசி இரண்டு மாதம் ஒரு பயிற்சி மையத்தில் தேர்வுத்தாளுக்கு மட்டும் பணம் கட்டி எழுதினேன். ஒரு வகுப்பில்கூட உட்காரவில்லை. சீட் கிடைத்த வாரமே பஸ் ஸ்டாண்டு எதிரில் என் போட்டோவோடு ஃப்ளெக்ஸ், "எங்கள் மாணவி" என்று. பள்ளியில் சனிக்கிழமைகளில் சம்பளமில்லாமல் சொல்லிக்கொடுத்த ஜுவாலஜி டீச்சர் பெயர் எங்கேயும் இல்லை. அப்பா போய்க் கேட்டதற்கு, "உங்க பொண்ணுக்கும் பேருதானுங்களே" என்று காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு எங்கள் தெருவில் ஒரு அக்கா தாலிக்கொடியை அடகு வைத்து மகளை அங்கே சேர்த்தார். நான் அங்கே படிக்கவே இல்லை என்று அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன், அதற்குள் பணம் கட்டியாகிவிட்டது. எல்லா மையமும் அப்படி என்று சொல்லவில்லை. ஃப்ளெக்ஸை நம்பி நகையைக் கழற்றாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

பி.எஸ்சி. பற்றி: வீட்டில் ஒரு வருடம் விடுவார்கள் என்றால் சேராதே. பகல் முழுக்கக் கல்லூரி, ரெக்கார்டு நோட்டு, இன்டெர்னல் என்று போய்விடும், ராத்திரி படிப்பு நிற்காது. விடமாட்டார்கள் என்றால் சேர்ந்துகொண்டே எழுது, அப்படி எழுதி வந்தவர்களும் என் வகுப்பில் இருக்கிறார்கள்.

ஆறாம் வகுப்பு முதல் எந்தெந்தப் பள்ளியில் படித்தாயோ அத்தனை பள்ளியிலும் படிப்புச் சான்றை இப்போதே வாங்கிவிடு. கவுன்சிலிங் நேரத்தில் ஹெச்.எம். மாறுதலாகிப் போயிருப்பார், கிளார்க் லீவில் இருப்பார். சாதிச் சான்று, இருப்பிடச் சான்றில் உன் பெயரும் அப்பா இன்ஷியலும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள். இல்லையென்றால் இந்த வாரமே இ-சேவை மையத்துக்குப் போய்த் திருத்த எழுதிக் கொடு.