மானியக் கடனுக்காக வந்த வேலையை விடலாமா?

கேள்வி: பேரணாம்பட்டு பக்கம் கிராமம். காட்பாடியில் பி.இ. மெக்கானிக்கல் கடைசி வருடம் படிக்கிறேன். தோல் கட்பீஸில் (வெட்டி மிஞ்சிய துண்டுகளில்) பர்ஸ், பெல்ட் செய்யும் யூனிட் தொடங்க ஆசை. ஸ்ரீபெரும்புதூரில் ரூ.18,000 சம்பளத்திலும், ஆம்பூர் தோல் பொருள் கம்பெனியில் ட்ரெய்னியாக ரூ.14,000 சம்பளத்திலும் வேலை வந்திருக்கிறது. வேலூர் கன்சல்டன்ட் ஒருவர், “வேலைக்குப் போனால் அரசுக் கடன் கிடைக்காது. ஆம்பூரில் தெரிந்தவர் ஷெட்டைக் காட்டி ரூ.10 லட்சம் பி.எம்.இ.ஜி.பி. (புதுத் தொழிலுக்கான மத்திய அரசின் மானியத் திட்டம்) கடன் வாங்கித் தருகிறேன். ரூ.3.5 லட்சம் மானியம். வேலூர் ஆபீசில் ஆள் இருக்கிறது” என்கிறார். முன்பணம் ரூ.25,000, கடன் வந்ததும் 10 சதவீதம் கேட்கிறார். நாங்கள் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. ரூ.3 லட்சம் கல்விக் கடன் இருக்கிறது. வேலைக்குப் போ என்கிறார் அப்பா. என்ன செய்யட்டும்?

பதில்: வேலைக்குப் போங்கள் தம்பி. ஆம்பூர் வேலைக்குப் போங்கள். அந்தக் கன்சல்டன்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

அவர் சொன்ன முதல் விஷயமே பொய். பி.எம்.இ.ஜி.பி.க்கு 18 வயது நிரம்பியிருந்தால் போதும். அதிகபட்ச வயது என்று எதுவும் இல்லை, வருமான உச்சவரம்பும் இல்லை. இரண்டு வருடம் சம்பளம் வாங்கியதால் உங்கள் தகுதி போய்விடாது.

அடுத்தது அந்த ஷெட். மானியம் எவ்வளவு என்பதை யூனிட் அமையும் இடம்தான் தீர்மானிக்கிறது. பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு நகரத்தில் 25 சதவீதம், கிராமத்தில் 35 சதவீதம். ஆம்பூர் நகராட்சிக்குள் ஷெட் எடுத்தால் ரூ.10 லட்சம் திட்டத்துக்கு ரூ.2.5 லட்சம்தான். மூன்றரை லட்சம் வேண்டுமானால் உங்கள் ஊரிலேயே தொடங்க வேண்டும், அங்கே வாடகையும் மிச்சம். இதோடு, 2019-ல் மாவட்டம் பிரிந்தபோது ஆம்பூர் திருப்பத்தூரோடு போய்விட்டது. அங்கே வைக்கும் யூனிட்டுக்கு வேலூர் மாவட்டத் தொழில் மையத்தில் ஆள் இருந்து என்ன பயன்? விண்ணப்பம் இணையத்தில் இலவசம். தரகர் யாரையும் அரசு நியமிக்கவில்லை.

இனிச் சொல்வதை அப்பாவையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படியுங்கள். இந்த ஆட்கள் கமிஷனோடு நிற்பதில்லை. மெஷினுக்கு கொட்டேஷன் அவர்களே கொண்டுவருவார்கள். நான்கு லட்சம் பெறாத மெஷினுக்கு எட்டு லட்சம் என்று இருக்கும். வங்கி பணத்தை உங்கள் கையில் தராது, நேரே டீலர் கணக்குக்கு அனுப்பும். டீலரும் இவரும் பங்கு பிரித்துக்கொண்டு உங்களுக்குக் கொஞ்சம் ரொக்கம் தருவார்கள். “தொழில் நடத்தவே வேண்டாம், மானியத்தில் கடன் கழிந்துவிடும்” என்பார்கள். கழியாது. மானியத் தொகை மூன்று வருடம் வங்கியில் டெபாசிட்டாக நிற்கும். யூனிட் உண்மையிலேயே நடக்கிறதா என்று நேரில் பார்த்த பிறகுதான் கடனில் வரவு வைப்பார்கள். பூட்டிய ஷெட்டைப் பார்த்தால் மானியம் திரும்பிப் போகும், முழுக் கடனும் உங்கள் தலையில் விழும். கையெழுத்து உங்களுடையது, அவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது. அதனால் வெற்றுக் காசோலை, ஓ.டி.பி., கையெழுத்துப் போட்ட வெற்றுத்தாள் எதையும் யாரிடமும் தராதீர்கள்.

தரகர்கள் இப்படிக் கொழுப்பதற்கு வங்கிகளும் காரணம் என்பதை மறைக்க விரும்பவில்லை. ரூ.10 லட்சம் சிறுதொழில் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆனாலும் கிளைக்குப் போனால் “வீட்டுப் பத்திரம் இருக்கா?” என்பதுதான் முதல் கேள்வி. தொழில் மையம் பரிந்துரைத்த விண்ணப்பம் வங்கி மேஜையில் மாதக்கணக்கில் தூங்கும், ஏன் என்று எழுத்தில் சொல்ல ஆள் இருக்காது. தனியாக அலைந்து சலித்த பிள்ளை கடைசியில் தரகரிடம் போகிறான். இதைக் கேட்க வேண்டியவர்கள் கேட்பதில்லை.

ஆம்பூர் வேலையைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. சதுர அடிக் கணக்கில் வாங்கும் தோலில் எவ்வளவு வீணாகிறது, கட்பீஸ் எந்தத் தரத்தில் எங்கே கிலோ கணக்கில் போகிறது, தோல் ஓரத்தைச் சீவும் ஸ்கைவிங் மெஷின் மக்கர் செய்தால் யாரைக் கூப்பிடுவது, ஒரு பர்ஸுக்கு லைனிங், ஜிப், கூலி என்ன விழுகிறது, ஆர்டர் கொடுப்பவர் பணம் தர எத்தனை நாள் இழுக்கிறார் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். நாலாயிரம் சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை. ஒன்றே ஒன்று: ஒரிஜினல் சான்றிதழ்களைக் கம்பெனியில் ஒப்படைக்காதீர்கள். இத்தனை வருடம் வேலையை விடமாட்டேன் என்று பாண்டு நீட்டினால் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கல்விக் கடனை மறந்துவிடாதீர்கள். பொதுவாகப் படிப்பு முடிந்து ஒரு வருடத்தில் தவணை தொடங்கும். அதில் தவறினால் சிபில் (கடன் மதிப்பெண்) கெடும், பிறகு எந்த வங்கியும் தொழில் கடன் தராது. பி.எம்.இ.ஜி.பி.யில் நீங்கள் போட வேண்டிய சொந்தப் பங்கு 5 சதவீதம், அதாவது ரூ.50,000. தவணைக்கும் இந்தப் பங்குக்கும் சம்பளம்தான் வழி.

வேலையில் இருக்கும்போதே தொழிலைத் தொடங்கிவிடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பி.எம்.இ.ஜி.பி. புதிய யூனிட்டுக்கு மட்டுமே, நடந்துகொண்டிருக்கும் தொழிலுக்குக் கிடையாது. லீவு நாளில் பத்து பர்ஸ் தைத்துத் தெரிந்தவர்களிடம் விற்றுப் பார்ப்பது பயிற்சி, அது வேறு. ஆனால் கடன் அனுமதிக்கு முன்பே யூனிட் பெயரில் உத்யம் (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு), ஜி.எஸ்.டி., நடப்புக் கணக்கு என்று வரிசையாகத் திறந்துவைத்தால், தொழில் ஏற்கெனவே நடக்கிறது என்று நீங்களே எழுதிக்கொடுத்ததாக ஆகும். “உடனே உத்யம் எடுத்துத் தருகிறேன், மூவாயிரம்” என்று யாராவது வந்தால் இரட்டை நஷ்டம். 2020-லிருந்து உத்யம் பதிவு அரசுத் தளத்தில் முற்றிலும் இலவசம்.

புதிய தொழில்முனைவோருக்கான மாநில அரசின் நீட்ஸ் திட்டம் ரூ.10 லட்சத்துக்கு மேற்பட்ட திட்டங்களுக்கானது. இப்போது உங்களுக்குத் தேவையில்லை.

ஆம்பூர் கம்பெனிக்கு இந்த வாரமே சம்மதக் கடிதம் அனுப்புங்கள். கன்சல்டன்டிடம் ஆதார், பான் நகல் கொடுத்திருந்தால் திரும்ப வாங்குங்கள். உங்கள் பெயரில் விண்ணப்பம் ஏதும் ஏற்கெனவே போயிருக்கிறதா என்று வேலூர், திருப்பத்தூர் இரண்டு தொழில் மையங்களிலும் நேரில் கேளுங்கள். போயிருந்தால் ரத்து செய்யச் சொல்லி எழுதிக்கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.