சந்தாவா, சொந்தமா?

கேள்வி: ஸ்பாட்டிஃபை சந்தாவில் டவுன்லோடு செய்து வைத்த பாடல்கள் ஆஃப்லைனில் திடீரென ஓட மறுக்கின்றன. இரண்டு பாடல்கள் பட்டியலிலேயே மங்கிக் கிடக்கின்றன. பேசாமல் பாடல்களை விலைக்கே வாங்கிவிடலாமா?

பதில்: இவை இரண்டும் வெவ்வேறு சிக்கல்கள். சந்தாவில் இறக்கும் பாடல் பூட்டு போட்ட கோப்பு. அந்தச் செயலிக்குள் மட்டுமே ஓடும். 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் தலைகாட்டாவிட்டால் அதுவும் ஓடாது. வைஃபையை இணைத்துச் செயலியைத் திறந்து பாருங்கள். மங்கிய பாடல்களோ பெரும்பாலும் உரிமம் முடிந்து நீக்கப்பட்டவை. அதே பாடல் வேறு தொகுப்பில் இருக்கக்கூடும், பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

எல்லாவற்றையும் வாங்குவது பலருக்கு வீண் செலவு. ஓராண்டுச் சந்தாவை ஓர் ஆல்பத்தின் விலையால் வகுங்கள். வரும் எண்ணிக்கைக்கும் குறைவாகவே புது ஆல்பங்கள் கேட்பவரென்றால் வாங்குவதே லாபம். தினமொரு புதுப் பாட்டு தேடுகிறவருக்குச் சந்தாதான் சரி. திரும்பத் திரும்பக் கேட்கும் ஐம்பது, நூறை மட்டும் வாங்கி வைக்கலாம்.

ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடையில் 2009 முதல் பாடல்கள் பூட்டில்லாமல், 256 கேபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை கிலோபிட் என்ற அளவு) ஏஏசி வடிவில் கிடைக்கின்றன. ஏஏசி, எம்பி3 போலவே ஒலியைச் சுருக்கும் வடிவம். கலைஞர்கள் நேரடியாகப் பாடல் விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில், தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் வடிவமும் உண்டு. நான்கு நிமிடப் பாடல் 320 கேபிபிஎஸ் எம்பி3யில் சுமார் 10 எம்பி. ஃபிளாக்கில் ஏறக்குறைய மூன்று மடங்கு. இடம் பிடித்தாலும் ஃபிளாக்கையே வாங்குங்கள். அதிலிருந்து எம்பி3 எடுக்கலாம். எம்பி3 ஒலியில் ஒரு பகுதியை விட்டுவிட்டே சுருக்குகிறது; அதை ஃபிளாக்காக மாற்றினால் கோப்பு பெருக்குமே தவிர, போன தரம் திரும்பாது.

வாங்கிய அன்றே கோப்பை இறக்கி, கணினியில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்கில் ஒன்று என வையுங்கள். கடையே பாடலை நீக்கிவிட்டால் மறுபடி இறக்க முடியாமல் போகலாம்.