கராஜுக்குள் போட் ட்ரெயிலர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மாரி நெருங்க நெருங்க, போட்டை எங்கே வைப்பது என்ற கேள்விகளே இம்முறை அதிகம். வாடைக் காற்று எழும்பினால் கரையில் விட முடியாது. வீட்டுக்குக் கொண்டு வந்தால் கராஜில் இடமில்லை. பலர் ஒரே விடயத்தைக் கேட்டிருப்பதால் ஆறு கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி (கல்லடி): என் பைபர் போட் 18 அடி நீளம், 5 அடி அகலம். எஞ்சினைக் கழற்றிய பிறகும் ட்ரெயிலரின் கொக்கித் தலையிலிருந்து போட்டின் பின்பலகை வரை 21 அடி 6 அங்குலம் வருகிறது. கராஜ் உட்புறம் 20 அடி நீளம், 11 அடி அகலம். மூலைக்கு மூலை கோணலாக வைத்தால் அடங்குமா? கராஜ் தரை வளவு மணலை விட 6 அங்குலம் உயரம்.

பதில்: அடங்காது. கோணலாக வைத்தால் நிறைய இடம் மிஞ்சும் என்று கண் சொல்லும். அளவு நாடா அப்படிச் சொல்லாது. ட்ரெயிலரைத் திருப்பத் திருப்ப நீளம் குறைவது உண்மைதான். ஆனால் பின்பலகையின் ஒரு மூலை பின்னுக்குத் தள்ளிக்கொண்டு போய், கிடைத்த மிச்சத்தில் பாதிக்கு மேல் தின்றுவிடும். உங்கள் அளவுக்கு 15 பாகை திருப்பினால் மிச்சம் 1 அங்குலம். 20 பாகைக்கு 5 அங்குலம். 25 பாகைக்குத்தான் ஒரு அடிக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும்; உங்களுக்கு வேண்டியதோ ஒன்றரை அடி. அப்போது 11 அடி 4 அங்குல அகலம் வேண்டும். கராஜில் அது இல்லை, இருந்தாலும் ஒரு சைக்கிள் வைக்க இடம் மிஞ்சாது.

குறைக்க வேண்டியது இரும்பின் நீளத்தை. அணியத்துக்கு (போட்டின் முன்முனைக்கு) முன்னால் 3 அடி 6 அங்குலம் வெறும் இழுவைத் தண்டுதானே நிற்கிறது? கொக்கித் தலையிலிருந்து 2 அடி 6 அங்குலம் பின்னால் அந்தத் தண்டை வெட்டி, பக்கவாட்டில் மடியும் கீல் போடுங்கள். மொத்த நீளம் 19 அடியாகிவிடும். மடித்த துண்டு நடுக்கோட்டிலிருந்து 2 அடி 6 அங்குலம் பக்கத்துக்கு நீட்டும். அது போட்டின் அரை அகலம்தான் என்பதால் நடக்கும் வழியை அடைக்காது. முன்னும் பின்னும் 6 அங்குலம் காற்றோடும்.

ஒட்டு வேலை செய்பவரிடம் மூன்று விடயங்களைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். முதலாவது, பாதுகாப்புச் சங்கிலியைக் கீலுக்குப் பின்னால், பெரிய சட்டத்தில் பூட்ட வேண்டும். கீலுக்கு முன்னால் பூட்டினால், கீலின் ஆணி நழுவும் நாளில் சங்கிலியும் தண்டும் வாகனத்தோடு போகும், போட் றோட்டில் நிற்கும். இரண்டாவது, முன் குட்டிச் சில்லும் கீலுக்குப் பின்னால்தான் வர வேண்டும். இல்லாவிட்டால் தண்டை மடித்ததும் அணியம் நிலத்தில் இடிக்கும். மூன்றாவது, நாகம் (துத்தநாகம்) பூசிய குழாய் என்றால் ஒட்டும் இடத்தில் பூச்சை முழுதாக அரைத்து எடுத்துவிட்டுத்தான் நெருப்பு வைக்க வேண்டும். நாகப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும், ஒட்டும் பிடிக்காது. கீல் போட விருப்பமில்லையென்றால் ஒரு சதுரக் குழாய்க்குள் இன்னொன்று நுழையும்படி செய்து, 2 அடியாவது உள்ளே படியவிட்டு, 16 மி.மீ. போல்ட் இரண்டு போடலாம். மலிவுதான், ஆனால் உப்புத் தண்ணீரில் இறங்கும் ட்ரெயிலரில் இந்தக் குழாய்கள் ஒன்றோடொன்று துருப்பிடித்து இறுகிவிடும். மாதம் ஒருமுறை கழற்றிக் கிரீஸ் பூசும் பொறுமை இருந்தால் மட்டும் அதைச் செய்யுங்கள்.

பின்பக்கம் உள்ளே போகும்படி தள்ளுங்கள். தண்டு கதவடியில் நிற்கும், மடிப்பது சுலபம். எடுக்கும்போதும் நேரே வாகனத்தில் மாட்டலாம். தண்டை முதலிலேயே மடித்துவிடாதீர்கள். உள்ளே போய்ச் சேரும் வரை அதுதான் உங்கள் சுக்கான்.

இனி அந்த 6 அங்குலம். பெரும்பாலானோர் தோற்பது நீளத்தில் அல்ல, இந்தப் படியில்தான். போட்டும் ட்ரெயிலரும் 500 கிலோ என்று வையுங்கள். சமமான கொங்கிறீற்றில் அதை உருட்ட 10 கிலோ அளவு தள்ளல் போதும். புதையும் மணலில் 100 கிலோவையும் தாண்டும். 4 அடி நீளச் சரிவு கட்டினால் உருட்டலுக்கு மேல் இன்னொரு 62 கிலோ. 6 அடிச் சரிவு என்றால் 42 கிலோ. ஆகவே 6 அடியாகவே கட்டுங்கள். சரிவுக்கு முன்னால் மணலில் 9 அங்குலப் பலகைகளை மூன்று வரிசையாகப் போடுங்கள்: சில்லுகளுக்கு இரண்டு, நடுவில் குட்டிச் சில்லுக்கு ஒன்று. குட்டிச் சில்லைச் சும்மா மணலில் விட்டால் அது உருளாது, கலப்பை மாதிரி உழும்.

தள்ளும்போது போட்டைப் பிடித்துத் தள்ளாமல் ரயரின் மேல்விளிம்பைப் பிடித்துச் சுழற்றுங்கள். ரயரின் உச்சியில் கொடுக்கும் பலம் அச்சில் இரட்டிப்பாக விழும், இருவர் நால்வராகிவிடுவார்கள். மட்காட்டுக்கும் ரயருக்கும் நடுவில் விரல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவும் போதாவிட்டால் அலுமாரியை நடத்துகிற மாதிரி நடத்தலாம்: ஒரு சில்லுக்கு அடை வைத்துவிட்டு இழுவைத் தண்டைப் பக்கவாட்டில் தள்ள, மற்றச் சில்லு ஓரடி முன்னேறும். பிறகு அந்தச் சில்லுக்கு அடை, தண்டு மறுபக்கம். தண்டு நீளமாக இருப்பதால் இதற்குப் பெரிய பலம் வேண்டியதில்லை, வளவில் பக்கவாட்டு இடம் மட்டும் வேண்டும்.

வின்ச் பூட்டி இழுப்பதென்றால் கொக்கியைச் சுவரில் அடிக்க வேண்டாம். சீமெந்துக் கல் சுவர் பக்க இழுவைக்குக் கட்டியதல்ல. பின்சுவரடியில் தரையை உடைத்து, ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, ஒன்றரை அடி ஆழத்துக்குக் கொங்கிறீற் போட்டு, 12 மி.மீ. கம்பியை வளைத்துப் பதியுங்கள். வெளியே எடுக்கும்போதும் அதே கொக்கிதான் காவல்: கயிற்றை அதில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒருவர் மெல்ல மெல்ல விட வேண்டும். கையால் உருட்டும் ட்ரெயிலருக்குப் பிரேக் கிடையாது. சரிவில் அதன் முன்னால் யாரும் நிற்கக்கூடாது.

கேள்வி (சாய்ந்தமருது): எங்கள் ஒழுங்கை 10 அடி. கேற்றும் 10 அடி, உள்ளே இரண்டு பக்கமும் மதில். வாப்பாவின் பழைய போட்டுக்கு ட்ரெயிலர் வாங்க யோசிக்கிறோம். வளைத்து உள்ளே எடுக்க முடியுமா?

பதில்: வாங்குமுன் ஒரு வேலை செய்யுங்கள். மூங்கில் கம்புகளை ட்ரெயிலரின் உண்மையான நீள அகலத்துக்குச் சட்டமாகக் கட்டி, முன்பக்கத்தைக் கூர்த்து, இரண்டு பேர் தூக்கிக்கொண்டு அந்த வளைவைத் திரும்பிப் பாருங்கள். ஒரு மணித்தியால வேலைதான். எந்தக் கணக்கையும் விட நம்பிக்கையானது.

கணக்கும் சொல்லிவிடுகிறோம். 10 அடி வழியிலிருந்து 10 அடி வழிக்குச் செங்கோணமாகத் திரும்ப, வெறும் தடி என்றால் 28 அடி வரை போகும். அதுவே 5 அடி அகலமுள்ள பெட்டி என்றால் 18 அடி 3 அங்குலம்தான். போட் ட்ரெயிலர் முன்னால் கூர்ந்திருப்பதால் இரண்டுக்கும் இடையில் நிற்கும். மேலே கல்லடி வாசகருக்குச் சொன்னதுபோல் 19 அடிக்கு மடியக்கூடியது என்றால் திரும்பலாம். 21 அடி 6 அங்குலமாக என்றால் மதிலில் உராயும்.

கடைசி அரை அடிக்குச் சிக்கினால் வாகனத்தை வைத்து முன்னுக்கும் பின்னுக்கும் அலைக்கழிக்க வேண்டாம். சில்லை ஜக்கில் தூக்கி, கீழே 2 அடிச் சதுர இரும்புத் தகடு, அதன்மேல் நிறையக் கிரீஸ், அதன்மேல் 1 அடிச் சதுரத் தகடு, அதன்மேல் சில்லு. இரண்டு சில்லுக்கும் இப்படி வைத்தால் 500 கிலோ ட்ரெயிலரைக் கையால் பக்கவாட்டில் 6 அங்குலம் நகர்த்திவிடலாம். சமதரையில் மட்டும், கயிறு கட்டிய பிறகு மட்டும். மணலென்றால் அடித்தகட்டுக்குக் கீழே பலகை வேண்டும்.

கேள்வி (வாழைச்சேனை): வாவியில்தான் இறக்குகிறோம், கடலில் அல்ல. இருந்தும் ஒவ்வொரு வருடமும் சில்லு பேரிங் போகிறது. ஏன்?

பதில்: வாவித் தண்ணீரும் உப்புத்தான், குறைவான உப்பு என்பதற்காகத் துரு உங்களை மன்னிக்காது. ஆனால் முதல் காரணம் சூடு. றோட்டில் ஓடி வந்த ஹப் (பேரிங் இருக்கும் சில்லின் நடுப்பகுதி) சூடாக இருக்கும். உடனே தண்ணீரில் இறக்கினால் உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, ஒயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். பிறகு கராஜில் நான்கு மாதம் நிற்கும்போது அந்தத் தண்ணீர் பேரிங்கைத் தின்னும். பேரிங் கெடுவது ஓட்டத்தில் அல்ல, ஓய்வில்.

இறங்குதுறைக்கு வந்ததும் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். மாரிக்கு உள்ளே வைக்குமுன் ஹப்பைக் கழற்றி, பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, தண்ணீருக்கு நிற்கும் கடல் கிரீஸை உருளைகளுக்குள் அழுத்தி நிரப்புங்கள். பழையதன்மேல் வேறு வகைக் கிரீஸை அடிக்காதீர்கள். சில வகைகள் கலந்தால் இளகி வழிந்துவிடும். கழற்றிய ஒயில் சீலைத் திரும்பப் போடக்கூடாது. நட்டைப் பூட்டும்போது சில்லைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு ஸ்பிளிட் பின் ஓட்டை வரும்வரை சற்றுத் தளர்த்துங்கள். மிக மெல்லிய ஆட்டம் இருக்க வேண்டும். முழுதாக இறுக்கினால் அடுத்த பயணத்திலேயே எரியும்.

கேள்வி (பொத்துவில்): கார்த்திகை முதல் மாசி வரை அசையாமல் நிற்கும். ரயர்கள் தட்டையாகி வெடிக்கின்றன. காற்றை இறக்கி வைப்பது நல்லதா?

பதில்: நேர்மாறு. பாரத்தோடு காற்றுக் குறைந்த ரயர்தான் பக்கச் சுவரில் மடிந்து வெடிக்கும். ரயரில் எழுதிய உச்ச அளவுக்குக் காற்று அடித்துவிட்டு, அச்சை ஜக்கில் தூக்கி, ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் கட்டைகளை வைத்துச் சில்லுகளை நிலத்திலிருந்து ஒரு விரல் உயர்த்துங்கள். தூக்குமுன் போட்டின் பின்பக்க அடியில் ஒரு கட்டையும் சாக்கும் வைத்துவிடுங்கள். எஞ்சின் பின்னால் இருக்கும் போட்டில் யாராவது ஏறினால் முழுதும் பின்னுக்குக் குடைசாயும். உருளைகள்மேல் நிற்கும் போட் என்றால் அடிப்பக்கத்துக்கு நீளமான பலகைத் தாங்கலும் கொடுங்கள், இல்லாவிட்டால் மாதக்கணக்கில் ஒரே புள்ளியில் அழுந்திப் பைபர் குழியும்.

ரயரின் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2318 என்றால் 2018இன் 23ஆவது வாரம் செய்தது. போட் ட்ரெயிலர் ரயர் தேய்ந்து போவது அரிது, வயதாகித்தான் போகும்.

கேள்வி (நாவற்குடா): வளவுக்குள் வெள்ளம் வரும். போட்டின் தண்ணீர்த் தக்கையை (தண்ணீர் வடியும் ஓட்டையின் அடைப்பை) கழற்றி வைப்பதா, பூட்டி வைப்பதா?

பதில்: கழற்றுங்கள். கூரை ஒழுகியோ சாரலடித்தோ உள்ளே 10 செ.மீ. தண்ணீர் தேங்கினால், 5 மீற்றர் நீளத்துக்கும் சராசரி 1.2 மீற்றர் அகலத்துக்கும் 600 லீற்றர்; அதாவது 600 கிலோ. ட்ரெயிலர் முறிய அது போதும். தக்கையைக் கழற்றி, அணியத்தை 4 அங்குலம் உயர்த்தி வைத்தால் மழைத் தண்ணீர் தானாக வடியும்.

2011 ஜனவரி வெள்ளம் மாதிரி வந்தாலும் இதே பதில்தான். தக்கை பூட்டிய போட் கராஜுக்குள் மிதக்கும், கட்டியிருக்கும் ட்ரெயிலரையும் தூக்கிக்கொண்டு கதவையும் கூரைத் தகரத்தையும் இடிக்கும், தண்ணீர் வடியும்போது எங்கே வசதியோ அங்கே இறங்கும். தக்கை இல்லாத போட்டுக்குள் தண்ணீர் ஏறி இறங்கும், அவ்வளவுதான். எஞ்சினையும் பற்றரியையும் முன்னரே கழற்றி உயரத்தில் வைத்துவிடுங்கள். தக்கையைக் கயிறு போட்டு வின்ச் கைப்பிடியில் கட்டுங்கள். சித்திரையில் போட்டை இறக்கும்போது கண்ணில் படும்.

கேள்வி (களுவாஞ்சிகுடி): கராஜுக்கும் குசினிக்கும் நடுவில் ஒரு கதவுதான். எஞ்சினைப் போட்டிலேயே விடலாமா?

பதில்: எஞ்சினை விடலாம், எண்ணெய்த் தாங்கியை விடக்கூடாது. பெற்றோல் ஆவி காற்றை விடக் கனம். தரையோடு ஊர்ந்து கதவடி இடைவெளியால் அடுப்படிக்குப் போகும். தாங்கியையும் குழாயையும் வெளியே தனிக் கொட்டிலில் வையுங்கள். கராஜ் சுவரின் மேலே மட்டும் காற்றுக் கல் இருந்தால் போதாது, தரையோடு ஒட்டியும் இரண்டு வேண்டும். எலி வராமல் அவற்றுக்கு வலை அடியுங்கள். எஞ்சினை நிமிர்த்தியே நிறுத்துங்கள்; தூக்கி மடித்து வைத்தால் நீளமும் கூடும், உள்ளே நிற்கும் தண்ணீரும் வடியாது. கழற்றிப் படுக்க வைப்பதென்றால் முதலில் தண்ணீரை முழுதாக வடியவிட்டு, தலைப்பக்கம் விசிறிப் பக்கத்தை விட உயரமாக இருக்கும்படி வையுங்கள். மறுபுறமாகச் சாய்ந்தால் மிஞ்சிய உப்புத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விடும்.