அண்ணனும் அரசியலும் – ஒரு கடிதம்

வணக்கம் ஐயா,

நெடுநாளாக உங்களை வாசித்துவருகிறேன். இதுவரை எழுதியதில்லை. இப்போது எழுதுவதும் உங்கள் கதைகளைப் பற்றி அல்ல, மன்னிக்கவும்.

கொஞ்ச காலமாக எனக்குத் தூக்கம் சரியில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தபிறகும் போனை எடுத்துச் செய்தி பார்க்கிறேன். யாரையோ கும்பலாக அடித்திருப்பார்கள். ஒரு தலைவர் வாய்க்கு வந்ததைப் பேசியிருப்பார். கீழே நூற்றுக்கணக்கானவர்கள் ‘சரியாகச் சொன்னார்’ என்று எழுதியிருப்பார்கள். ஒன்றுவிடாமல் வாசிப்பேன். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். “உனக்கு எதுக்கு இந்த வேலை?” என்கிறார் என் கணவர்.

இதைவிடப் பெரிய பிரச்சினை என் அண்ணன். எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், அப்பா போனபிறகு என்னைப் படிக்கவைத்தவர். இன்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அவர் அனுப்பும் ஃபார்வர்டுகளைத் திறக்கவே பயமாக இருக்கிறது. ஒரு சமூகத்தையே கேவலமாகச் சித்தரிப்பவை. என் நெருங்கிய தோழி அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவள். எங்கள் வீட்டுக்கு வந்து போனவள், அண்ணனுக்கும் தெரியும். பதில் எழுதுவேன், அழிப்பேன், மறுபடி எழுதுவேன். ஒருநாள் அழிக்காமல் அனுப்பிவிட்டேன். ஆதாரத்தோடு மூன்று லிங்க்குகளும் வைத்தேன். “உன்னை யாரோ நன்றாக மூளைச்சலவை செய்திருக்கிறார்கள்” என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். சித்தப்பா கைதட்டும் படம் போட்டார். அம்மா போன் செய்து அழுதார்.

செய்தியே பார்க்காமல் இருந்துவிடலாமா? அது கோழைத்தனம் இல்லையா? அண்ணனிடம் எப்படிப் பேசுவது? குரூப்பை விட்டு வெளியேறிவிடட்டுமா?

எம்.

*

அன்புள்ள எம்.,

உங்கள் கணவர் கேட்டதிலிருந்து தொடங்குகிறேன். “உனக்கு எதுக்கு இந்த வேலை?” நல்லெண்ணத்தில் கேட்டிருக்கிறார். ஆனால் நீங்கள் எந்த வேலையும் செய்யவில்லையே! நள்ளிரவில் முன்பின் தெரியாதவர்களின் கமெண்டுகளை வாசிக்கிறீர்கள், அவ்வளவுதான். அடிபட்டவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஆனால் வாசிக்கும்போது ஏதோ கடமையைச் செய்வதுபோல இருக்கும், நிறுத்தினால் கைவிட்டதுபோல இருக்கும். கடுமையாகச் சொல்வதாக நினைக்காதீர்கள். உங்களைத் தின்பதில் பாதி இந்த மயக்கம்தான் என்பது என் எண்ணம்.

2013இல் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்தது. அதன்பின் சில ஆய்வாளர்கள் மக்களின் மன அழுத்தத்தை அளந்துபார்த்தார்கள். சம்பவ இடத்திலோ அருகிலோ இருந்தவர்களைவிட, அடுத்த ஒரு வாரம் நாளுக்கு ஆறு மணி நேரமும் அதற்கு மேலும் அந்தச் செய்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் கடும் அழுத்தத்தின் அறிகுறிகள் கூடுதலாக இருந்தன. இதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். அங்கே இருந்தவருக்கு ஓடவும் ஒளியவும் விழுந்தவரைத் தூக்கவும் ஏதோ ஒன்று இருந்தது, அப்புறம் அது முடிந்தது. திரையில் பார்ப்பவருக்குச் செய்வதற்கும் ஒன்றுமில்லை, முடிவும் இல்லை. அதே குண்டு திரும்பத் திரும்ப வெடித்துக்கொண்டே இருக்கிறது.

அந்தத் திரைக்கு வந்துசேர்வது எது என்பதையும் பாருங்கள். 2017இல் வெளியான ஓர் ஆய்வு, சூடான அரசியல் பிரச்சினைகள் பற்றிய ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ட்வீட்டுகளை எடுத்துக்கொண்டது. அறமும் உணர்ச்சியும் கலந்த சொல் ஒன்று கூடினால், அந்த ட்வீட் பகிரப்படுவதும் சுமார் 20 சதவீதம் கூடியது. நிதானமாக எழுதியவர் யாருக்கும் போய்ச்சேராமல் கிடப்பார், ‘துரோகி’ என்று எழுதியவர் உங்கள் தலையணை வரைக்கும் வந்துவிடுவார். அதை வைத்து ‘ஊரே இப்படி ஆகிவிட்டது’ என்று முடிவுகட்டிவிட்டுத் தூங்கப்போனால் தூக்கம் எப்படி வரும்?

எதிர்த்தரப்பைப் பற்றிய நம் கணிப்பும் இப்படித்தான் கெட்டுப்போகிறது. 2019இல் அமெரிக்காவில் ‘மோர் இன் காமன்’ என்ற அமைப்பு ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி என்ற இரண்டு கட்சிக்காரர்களிடமும், மறு கட்சி ஆதரவாளர்களில் எத்தனை பேர் தீவிரக் கருத்து உள்ளவர்கள் என்று கேட்டது. இரண்டு பக்கமும் உண்மையில் இருப்பதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு சொன்னார்கள். வேடிக்கை என்னவென்றால், எந்நேரமும் செய்தியைப் பின்தொடர்பவர்களின் கணிப்புதான் அதிகம் தவறியிருந்தது. (டிவி விவாதங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. அவற்றை நிறுத்தியதால் எதையாவது இழந்த ஒருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை.)

சரி, எல்லாவற்றையும் மூடிவைத்துவிடலாமா? அதையும் செய்துபார்த்திருக்கிறார்கள். 2018இல் அமெரிக்க இடைக்காலத் தேர்தலுக்கு முந்தைய நான்கு வாரங்கள் சிலருக்குப் பணம் கொடுத்து ஃபேஸ்புக் கணக்கை முடக்கிவைக்கச் சொன்னார்கள் பொருளாதார ஆய்வாளர்கள். அவர்களுடைய மனநிலை கொஞ்சம் மேம்பட்டது, வீட்டாரோடும் நண்பர்களோடும் கழித்த நேரம் கூடியது, அரசியல் பிளவு மனப்பான்மையும் தணிந்தது. ஆனால் நடப்புச் செய்திகளைப் பற்றிய அறிவும் குறைந்தது. ஆக, இலவசமாக ஒன்றும் கிடைக்கவில்லை.

டொரன்டோ பல்கலைக்கழகத்தின் பிரெட் ஃபோர்டும் அவர் சகாக்களும் செய்த ஆய்வு உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. அன்றாட அரசியல் ஒருவரிடம் எழுப்பும் உணர்ச்சிகளை நாள்தோறும் குறித்துக்கொள்ளச் சொன்னார்கள். கவனத்தை வேறு பக்கம் திருப்பியோ, விஷயத்தை வேறு கோணத்தில் பார்த்தோ மனதைத் தணித்துக்கொண்டவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். ஆனால் அந்த அரசியலுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்ற உந்துதலும் அவர்களிடம் குறைந்தது. ‘கோழைத்தனம் இல்லையா’ என்று கேட்டீர்களே, அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. மூச்சுப்பயிற்சி செய்யுங்கள், நல்லதையே நினையுங்கள் என்பவர்கள் இந்தப் பக்கத்தைச் சொல்வதில்லை. உங்கள் கோபம் நோய் இல்லை. நியாயமான ஒன்றுக்காக வந்த கோபம் அது, அதற்கு வேலைதான் இல்லாமல் இருக்கிறது.

எனவே கோபத்தை ஒழிக்க வழி சொல்ல எனக்கு விருப்பமில்லை. அதற்கு ஒரு வேலை கொடுங்கள். உலகத்தின் எல்லா அநியாயத்துக்கும் நீங்கள் பொறுப்பேற்க முடியாது. உங்கள் கை எட்டுகிற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாதிக்கப்பட்டவர்களுக்குச் சட்ட உதவி செய்யும் அமைப்புக்கு மாதாமாதம் ஒரு தொகை அனுப்பலாம், அங்கே போய் அவர்களுடைய கோப்புகளை அடுக்கிக்கொடுக்கலாம், தேர்தல் நேரத்தில் பெயர் விட்டுப்போனவர்களைப் பட்டியலில் சேர்க்க உதவலாம். அந்த ஒன்றுக்கு எவ்வளவு செய்தி தேவையோ அவ்வளவு வாசியுங்கள், பகலில் வாசியுங்கள். போன் இரவில் வேறு அறையில் கிடக்கட்டும். இவ்வளவுக்கும் பிறகு வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் திரும்பாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள், அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அப்புறம், உங்கள் கடிதத்தில் ஒன்று என் கண்ணில் பட்டது. அண்ணனைப் பற்றி ஒரு பத்தி முழுக்க எழுதியிருக்கிறீர்கள். தோழிக்கு ஒன்றிரண்டு வரிதான். அவரிடம் கடைசியாக எப்போது பேசினீர்கள்? அண்ணன் அனுப்பும் அதே ஃபார்வர்டுகள் வேறு வழிகளில் அவருக்கும் வந்துகொண்டிருக்கும். அலுவலகத்தில், பிள்ளையின் பள்ளி குரூப்பில், அடுக்குமாடிக் குடியிருப்பின் குரூப்பில். ஒவ்வொரு இடத்திலும் யார் என்ன நினைக்கிறார்கள் என்று அவர் கணக்குப்போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கலாம், அந்தக் கணக்கில் உங்கள் பெயரும் இருக்கலாம். எதிராளியோடு மல்லுக்கட்டுவதிலேயே நம் நேரமெல்லாம் போய்விடுகிறது. யாருக்காக மல்லுக்கட்டுகிறோமோ அவருக்கு ஒரு போன் செய்யத் தோன்றுவதில்லை. இன்றைக்கே கூப்பிடுங்கள். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: அண்ணன் சொன்னதையெல்லாம் அவரிடம் ஒப்பித்து அழ வேண்டாம். உங்களுக்கு ஆறுதல் சொல்லும் வேலையும் அவர் தலையில் விழுந்துவிடும். சும்மா பேசுங்கள், போய்ப் பாருங்கள்.

இப்போது அண்ணன். அவரைப் புரிந்துகொள்ள ஒரு பழைய சோதனையைச் சொல்கிறேன். ஹென்றி தாஷ்ஃபெல் போலந்தில் பிறந்த யூதர். இரண்டாம் உலகப்போரில் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து, ஜெர்மானியர்களிடம் போர்க்கைதியாகிப் பிழைத்தவர். போர் முடிந்து வந்து பார்த்தபோது அவருடைய குடும்பம் அழிக்கப்பட்டிருந்தது. பிற்காலத்தில் உளவியலாளராகி, இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 14, 15 வயதுப் பள்ளிப் பையன்களை வைத்து ஒரு சோதனை செய்தார். 1970இல் அது வெளியானது. திரையில் புள்ளிகளைக் காட்டி எண்ணிக்கையை ஊகிக்கச் சொன்னார்கள். ‘நீ கூடுதலாகச் சொல்பவர்கள் குழு’, ‘நீ குறைவாகச் சொல்பவர்கள் குழு’ என்று பிரித்தார்கள். உண்மையில் கண்ணை மூடிக்கொண்டு பிரித்ததுதான். பிறகு ஒவ்வொருவனையும் தனியாக உட்காரவைத்து, மற்றப் பையன்கள் இருவருக்குப் பணத்தைப் பங்கிடச் சொன்னார்கள். அவர்கள் யார் என்று தெரியாது, எந்தக் குழு என்று மட்டும் தெரியும். தனக்கு அதில் ஒரு காசும் வராது. அப்படியும் பையன்கள் தங்கள் குழுவுக்கே அதிகம் கொடுத்தார்கள். தங்கள் குழுவுக்குக் கிடைப்பது குறைந்தாலும் பரவாயில்லை, எதிர்க்குழுவைவிடக் கூடுதலாக இருந்தால் போதும் என்றுகூடப் பங்கிட்டார்கள். புள்ளிகளை எண்ணியதற்கே இந்தக் கதி!

உங்கள் மூன்று லிங்க்குகள் ஏன் தோற்றன என்பதற்குப் பதில் இதில் இருக்கிறது. குரூப்பில் அண்ணன் உங்களுக்குப் பதில் சொல்லவே இல்லை. சித்தப்பாவுக்கும் மற்ற சொந்தங்களுக்கும் முன்னால் தன் இடத்தைக் காப்பாற்றிக்கொண்டார். அத்தனை பேர் பார்க்க, தங்கை சொல்லித் தான் தப்பு என்று ஒப்புக்கொள்ளும் அண்ணன் இன்னும் பிறக்கவில்லை.

எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். நான் கடுமையாக எதிர்க்கும் கட்சியில் பலகாலமாக இருப்பவர். போனில் அரசியலை எடுத்தால், “நேரில் வா, திட்டுகிறேன்” என்று வைத்துவிடுவார். நேரில் போனால் கொஞ்ச நேரம் திட்டுவார், நானும் திட்டுவேன். மீதி நேரம் அவருடைய முழங்கால் வலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். அவர் கட்சி மாறவில்லை, நானும் மாறவில்லை. ஆனால் அவர் கட்சிக்காரர்கள் எல்லோரும் அரக்கர்கள் என்று நான் எழுத உட்காரும்போது அந்த முழங்கால் குறுக்கே வந்துவிடுகிறது.

அதனால் அண்ணனோடு தனியாகப் பேசுங்கள். பக்கத்தில் அண்ணியோ பிள்ளைகளோ கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். புள்ளிவிவரத்தைக் கையில் எடுக்காதீர்கள். அமெரிக்காவின் மயாமியில் வீடுவீடாகப் போய்ச் செய்த ஒரு முயற்சியை டேவிட் புரூக்மன், ஜோஷுவா கல்லா என்ற இருவர் ஆராய்ந்து 2016இல் எழுதினார்கள். திருநர் மீதான வெறுப்பைப் பற்றிய பேச்சு அது. போனவர்கள் வாதாடவில்லை. ‘நீங்கள் மற்றவர்களிடமிருந்து வித்தியாசமாக இருந்ததற்காக யாராவது உங்களை மட்டமாக நடத்தியிருக்கிறார்களா?’ என்று கேட்டுவிட்டு, சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார்கள். சுமார் பத்து நிமிடப் பேச்சு. சராசரியாகப் பார்த்தால் வெறுப்பு குறைந்திருந்தது, மூன்று மாதம் கழித்து அளந்தபோதும் அது நீடித்தது. எல்லோரும் மாறிவிட்டார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் எந்த வாதமும் செய்யாததை இந்த மாதிரிப் பேச்சு கொஞ்சம் செய்கிறது.

அண்ணனிடமும் கேளுங்கள். அவருக்கு எதைப் பற்றிப் பயம், இது எப்போது தொடங்கியது, வேலையில், வாழ்க்கையில் என்ன நடந்தது என்று. அந்தச் சமூகத்துக்காக வழக்காட வேண்டாம். வீட்டுக்கு வந்துபோன அந்த ஒரு பெண்ணைப் பற்றிப் பேசுங்கள். “அண்ணா, நீ அனுப்புவதை அவள் பார்த்தால் நான் அவள் முகத்தில் எப்படி முழிப்பேன்?” என்று கேளுங்கள். அவர் கோபப்படலாம், பேச்சை மாற்றலாம். ஒரே பேச்சில் முடிகிற விஷயம் இல்லை இது.

இந்தப் பொறுமையை நான் உங்களிடம் கேட்பது, நீங்கள் அவர் தங்கை என்பதால். பார்க்கும் எல்லோரிடமும் இதைக் காட்ட வேண்டியதில்லை. உங்கள் தோழியிடம் யாரும் இதைக் கேட்கவே கூடாது. இரண்டு தரப்பும் அன்பாக இருங்கள் என்று அடிபடுகிறவரிடம் போய் உபதேசம் செய்வதைப்போல அயோக்கியத்தனம் வேறில்லை.

கடைசியாக, குரூப். வெளியேறும் முன் ஒரே ஒருமுறை அங்கே எழுதுங்கள். “இதில் சொல்லப்படும் மக்களில் என் தோழியும் ஒருத்தி. எனக்கு இது வலிக்கிறது. இங்கே நான் விவாதிக்கப்போவதில்லை.” இவ்வளவு போதும், லிங்க் வேண்டாம். இது அண்ணனுக்கானதும் இல்லை. 1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் செய்த சோதனைகளில், கூட இருப்பவர்கள் எல்லோரும் கண்ணெதிரே தவறான விடையைச் சொன்னபோது நிறையப் பேர் அதற்கு இணங்கிப்போனார்கள். கூட ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னபோது அந்த இணக்கம் பெருமளவு சரிந்தது. உங்கள் குரூப்பிலும் வாயைத் திறக்காத ஓர் அண்ணியோ சித்தி மகனோ இருக்கலாம், நீங்கள் எழுதுவது அவர்களுக்கு.

அதன்பிறகு குரூப்பை ம்யூட்டில் போட்டுவிட்டு, அம்மாவின் உடல்நிலை, கல்யாணம், சாவு மாதிரி விஷயங்களைத் தனியாகச் சொல்லும்படி ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியும் தாங்கவில்லை என்றால் தாராளமாக வெளியேறுங்கள். அதற்கு முன் அம்மாவுக்குப் போன் செய்து நீங்களே சொல்லிவிடுங்கள். சித்தப்பா சொல்லித் தெரிய வேண்டாம்.