இயக்கம் இரண்டாகிவிட்டது, பாஸ்வேர்ட் எங்களிடம்: யாரிடம் கொடுப்பது?

கேள்வி: நாங்கள் நான்கு பேர் சேர்ந்து சிறிய வெப் ஸ்டூடியோ நடத்துகிறோம். தொழிற்சங்கங்கள், சூழலியல் குழுக்கள், பெண்ணுரிமை அமைப்புகள் என்று முற்போக்கு இயக்கங்களுக்கு மட்டுமே வேலை செய்வது என ஆரம்பத்திலேயே முடிவெடுத்தோம். மூன்று ஆண்டுகளாக ஒரு குடியிருப்பு உரிமைக் கூட்டமைப்பின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்கிறோம். இரண்டு மாதம் முன்பு கூட்டமைப்பு உடைந்துவிட்டது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட செயலாளர் ஒரு பக்கம், எங்களோடு தினமும் பேசி வேலை வாங்கிய ஒருங்கிணைப்பாளர் மறுபக்கம். ஒருங்கிணைப்பாளர் பக்கம்தான் நியாயம் என்று எங்கள் நால்வருக்கும் படுகிறது. இருவருமே அட்மின் பாஸ்வேர்டையும் 11,000 ஆதரவாளர்களின் பட்டியலையும் கேட்கிறார்கள். டொமைனை அன்று அவசரத்துக்கு எங்கள் ஸ்டூடியோ பெயரில் எடுத்தோம், அது அப்படியே இருக்கிறது. இரண்டு இன்வாய்ஸ் பாக்கி. ஒருங்கிணைப்பாளர் தன் லாகினில் நுழைந்து சைட்டில் ஓர் அறிக்கை போட்டார். "அதை உடனே எடுங்கள்" என்று இரவு ஒன்றரை மணிக்குச் செயலாளரிடமிருந்து மெசேஜ். "தொட்டால் நீங்கள் துரோகிகள்" என்று விடிந்ததும் மற்றவரிடமிருந்து மெசேஜ். பாக்கி வரும்வரை சைட்டை நிறுத்தி வைக்கலாமா? கோட் எங்களுடையதுதானே? யாரிடம் கொடுப்பது?

பதில்: அந்த இரண்டு மெசேஜுக்கும் நீங்கள் இன்னும் பதில் அனுப்பவில்லை என்றால் நல்லது. அனுப்பியிருந்தால் அதை அழிக்காமல் வையுங்கள். நீங்கள் எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று கடிதத்தில் இல்லை. அடிப்படைகள் பல நாடுகளில் ஒத்துப்போகும். சட்டப் பிரிவைச் சொல்லும் இடத்தில் நாட்டையும் சொல்லிவிடுகிறேன்.

இன்று செய்ய வேண்டியது, உள்ளதை உள்ளபடி காப்பது. பாஸ்வேர்டை மாற்றாதீர்கள். அறிக்கையை எடுக்காதீர்கள், அதற்கு மறுப்பு என்று எதையும் ஏற்றவும் செய்யாதீர்கள். வழக்கமாக எடுக்கும் பேக்கப்பைத் தேதி, நேரத்தோடு எடுத்து பூட்டி வையுங்கள். யார் எப்போது அட்மினில் நுழைந்தார், எதை மாற்றினார் என்ற லாகை, அதாவது பதிவை, எடுத்து வைக்க மறக்காதீர்கள். நிறைய ஹோஸ்டிங்கில் அது சில வாரங்களில் தானாகவே அழிந்துவிடும், பிறகு யார் அழுதாலும் திரும்பி வராது.

பாஸ்வேர்ட் கையில் இருப்பது வேறு, உள்ளே போய்க் கைவைக்க அனுமதி இருப்பது வேறு. இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43, உரிமையாளரோ பொறுப்பாளரோ அனுமதிக்காமல் கணினிக்குள் நுழைவதையும் தரவைப் பிரதியெடுப்பதையும் அழிப்பதையும் இழப்பீடு தர வேண்டிய செயல்களாக வரிசைப்படுத்துகிறது. நேர்மையற்ற எண்ணத்தோடு செய்ததாக நிரூபணமானால் பிரிவு 66-இன்படி மூன்றாண்டு வரை சிறைகூட உண்டு. நியாயமான பக்கத்துக்காகச் செய்தோம் என்பதைத் தற்காப்பாகச் சொல்ல அந்தப் பிரிவில் இடமில்லை.

எதையும் தொடாமல் இருங்கள் என்றேனே, அதற்கு ஒரு விதிவிலக்கு. அறிக்கையில் யார் மீதாவது பெயர் சொல்லிக் குற்றச்சாட்டு இருந்து, அவர் எழுத்துமூலம் உங்களுக்கு நோட்டீஸ் அனுப்பினால், அன்றே ஒரு வழக்கறிஞரிடம் போங்கள். தெரிந்த பிறகும் விட்டுவைத்தீர்கள் என்ற கேள்வி பல நாடுகளில் ஹோஸ்ட் செய்பவரையும் தொடும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். உங்கள் வாடிக்கையாளர் யார்? தினமும் வேலை சொன்னார் என்பதால் ஒருங்கிணைப்பாளர் உங்கள் வாடிக்கையாளர் ஆகிவிடமாட்டார். கையெழுத்துப் போட்டார் என்பதால் செயலாளரும் ஆகிவிடமாட்டார், அவர் அமைப்பின் சார்பில்தான் போட்டார். அமைப்பு சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவாகியிருந்தால் அதற்கென்று விதிகள் இருக்கும். யார் பேசலாம், யாரை எப்படி நீக்கலாம், எத்தனை பேர் கூடினால் தீர்மானம் செல்லும் என்று அதில் எழுதியிருக்கும். இரு தரப்பிடமும் பதிவுச் சான்று, விதிமுறை நகல், கடைசித் தீர்மானம் ஆகிய மூன்றையும் கேளுங்கள். பாதிச் சண்டை இந்தக் கேள்வியிலேயே தெளிந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பதிவே இல்லை என்றால் சிக்கல் கூடுதல். அந்த அமைப்பு சட்டப்படி ஓர் ஆளே அல்ல. அப்போது கையெழுத்துப் போட்டவர்மேல் சொந்தப் பொறுப்பு விழலாம், பாக்கியையும் அவரிடமே கேட்கலாம்.

உங்கள் மனம் ஒருங்கிணைப்பாளர் பக்கம் சாய்வதை நான் குறை சொல்லவில்லை. அந்தச் சாய்வால்தான் இந்தத் தொழிலையே இப்படி அமைத்துக்கொண்டீர்கள், அதை மதிக்கிறேன். நாளை ஒப்பந்தத்தில் உள்ள முன்னறிவிப்பைக் கொடுத்து "இனி உங்களுக்கு வேலை செய்ய மாட்டோம்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பிரிந்தவர் புதிய அமைப்பு தொடங்கினால் அவருக்குப் புதிய சைட் கட்டிக் கொடுக்கவும் உரிமை உண்டு. பழைய பூட்டைத் திறந்து பழைய வீட்டின் சாமான்களை அவரிடம் கொடுக்க மட்டும் உரிமை இல்லை. உங்களிடம் வரும் அடுத்த தொழிற்சங்கம் கேட்கப்போகும் முதல் கேள்வியே, "எங்களுக்குள் பிரச்சினை வந்தால் இவர்கள் என்ன செய்வார்கள்?" என்பதுதான்.

பாக்கிக்காக சைட்டை நிறுத்தி வைக்கலாமா என்று கேட்டீர்கள். கடிகாரம் பழுது பார்த்தவர் கூலி வரும்வரை கடிகாரத்தைப் பிடித்து வைக்கிறாரே, நாங்கள் ஏன் கூடாது என்பதுதான் உங்கள் நினைப்பு. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 170 அந்த உரிமையைத் தருகிறது, ஆனால் கையில் ஒப்படைத்த பொருளுக்கு. அதே பிரிவில் ஓர் அழகான உதாரணம் உண்டு. கோட்டு தைக்கத் துணி கொடுக்கிறார் ஒருவர். தைத்து முடித்ததும் தருகிறேன், பணத்துக்கு மூன்று மாதத் தவணை என்று தையல்காரர் ஒப்புக்கொள்கிறார். பிறகு அவர் கோட்டைப் பிடித்து வைக்க முடியாது. உங்கள் இன்வாய்ஸில் "30 நாளுக்குள் செலுத்தவும்" என்று இருந்தால் இந்தத் தையல்காரரை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் மேலே, டிஜிட்டல் தரவு பிடித்து வைக்கக்கூடிய பொருளே அல்ல என்று இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. ஒரு பதிப்பகத்தின் சந்தாதாரர் பட்டியலை நிர்வகித்த நிறுவனம், பணம் வரும்வரை தர மாட்டோம் என்று பட்டியலை வைத்துக்கொண்டது. உங்கள் கதைதான். அந்த நிறுவனம் தோற்றது. இங்கிலாந்துச் சட்ட மரபு உள்ள நாடுகளில் வழக்கறிஞர்கள் இந்தத் தீர்ப்பை எடுத்து வைப்பார்கள். ஆகவே பாக்கிக்கு நோட்டீஸ் அனுப்புங்கள், தேவைப்பட்டால் வழக்குப் போடுங்கள். ஒப்பந்தம் இடம் கொடுத்தால் முன்னறிவிப்போடு இனிமேல் செய்யும் மெயின்டனன்ஸை நிறுத்துங்கள். ஏற்கெனவே இருப்பதை முடக்காதீர்கள்.

கோட் விஷயத்தில் நீங்கள் நினைப்பது பெரும்பாலும் சரி. காசு கொடுத்ததால் மட்டும் பதிப்புரிமை கைமாறாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 19-இன்படி எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். அதிலும் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு, நாடு குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஆனால் பணம் கொடுத்து வாங்கியவர் அதைத் தொடர்ந்து பயன்படுத்த அனுமதி உண்டு என்றே நீதிமன்றங்கள் பொதுவாக எடுத்துக்கொள்ளும். சைட் வேர்ட்பிரஸில் இருந்தால் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமமும் சேர்ந்து வரும். அதன்மேல் கட்டி ஒப்படைத்த கோட் பகுதியை அவர்கள் நகலெடுக்கவோ மாற்றவோ தடுக்க முடியாது. இந்தச் சண்டையில் கோட் ஆயுதமல்ல, விட்டுவிடுங்கள். லோகோவையோ வேறு பகுதியையோ ஃப்ரீலான்சர் யாராவது செய்திருந்தால், அவரிடம் எழுதி வாங்கினீர்களா என்று மட்டும் பாருங்கள்.

டொமைன் உங்கள் பெயரில் இருந்தாலும், அதற்கான கட்டணத்தைக் கூட்டமைப்பிடம் வாங்கிய இன்வாய்ஸ் உங்கள் கோப்பிலேயே இருக்கும். யாருக்காக எடுத்தீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி. தகராறு முடியும்வரை புதுப்பித்து வையுங்கள், செலவைக் கணக்கில் எழுதுங்கள். டாட் காம், டாட் ஆர்க் போன்றவை காலாவதியாகி நீக்கப்பட்டால் மீட்க 30 நாள் அவகாசம். அதுவும் போனால் முன்பின் தெரியாத யாரோ எடுத்துக்கொள்வார், இரு தரப்பும் ஒன்றாகச் சேர்ந்து உங்கள்மேல் வழக்குப் போடும்.

எனக்கு உண்மையில் பயம் அந்தப் பட்டியலைப் பற்றித்தான். இப்படிப்பட்ட இயக்கங்களின் பட்டியல் எப்படி இருக்கும் என்று பார்த்திருக்கிறேன். பெயர், போன் நம்பர், முகவரி. பக்கத்துக் கட்டத்தில் "வீட்டு ஓனர் காலி செய்யச் சொன்ன தேதி". குறிப்பு என்ற கட்டத்தில் "ஓனருக்குத் தெரியக் கூடாது, பகலில் கூப்பிட வேண்டாம்". இந்த வரியை எழுதிக் கொடுத்தவர் கூட்டமைப்பை நம்பிக் கொடுத்தார். செயலாளரையோ ஒருங்கிணைப்பாளரையோ அவருக்குப் பெயர்கூடத் தெரியாமல் இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர், 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 9-ஆம் பிரிவு ஒருவரின் அரசியல் கருத்தையும் தொழிற்சங்க உறுப்பினர் என்பதையும் மருத்துவத் தகவலோடு ஒரே வரிசையில் வைத்துக் காக்கிறது. 28-ஆம் பிரிவின்படி, பிறருக்காகத் தரவைக் கையாளும் உங்களைப் போன்றவர் அதை எதற்குப் பயன்படுத்துவது என்று தானே முடிவெடுத்தால், முழுப் பொறுப்பாளியாகவே நடத்தப்படுவார். பட்டியலை ஒரு தரப்புக்கு அனுப்பும் நொடியில் நீங்கள் எடுப்பது அந்த முடிவுதான். பாதிப்பாதியாகப் பிரித்துக் கொடுக்கலாமா என்றும் தோன்றக் கூடாது. ஆட்கள் சொத்தல்ல.

இருவருக்கும் ஒரே நேரத்தில், ஒரே மின்னஞ்சலில் இப்படி எழுதுங்கள்: "உங்கள் அமைப்பின் சார்பில் பேசும் அதிகாரம் யாருக்கு என்பதில் தகராறு இருப்பதாக அறிகிறோம். இன்றைய நிலையில் சைட், டொமைன், தரவு அனைத்தையும் பாதுகாக்கிறோம். இரு தரப்பும் கையெழுத்திட்ட கடிதமோ நீதிமன்ற உத்தரவோ வந்தால் அதன்படி ஒப்படைப்போம். அதுவரை உள்ளடக்கத்தில் எந்த மாற்றமும் செய்ய மாட்டோம்." இதற்கு மேல் ஒரு வரி வேண்டாம். வருத்தமும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம்.

அப்படியும் இருவரும் வழக்குப் போடுவோம் என்று மிரட்டினால், குறிப்பாக டொமைனுக்கு, நீங்களே நீதிமன்றம் போய் "இது என்னுடையதல்ல, இருவர் கேட்கிறார்கள், யாருக்கென்று சொல்லுங்கள்" என்று கேட்க வழி இருக்கிறது. இன்டர்ப்ளீடர் வழக்கு என்பார்கள். இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1908-இல் பிரிவு 88. உங்களுக்கு வர வேண்டிய செலவுத்தொகை தவிர வேறு அக்கறை இல்லை என்றும், எந்தத் தரப்போடும் கூட்டுச் சேரவில்லை என்றும் அதில் சொல்ல வேண்டும். ஒருங்கிணைப்பாளரோடு தனியாகப் பேசிக்கொண்டிருந்தால் அதை நேர்மையாகச் சொல்ல முடியாது. ஆகவே அந்தத் தொலைபேசி உரையாடல்களை இன்றோடு நிறுத்துங்கள். அவர் மனம் நோகும். காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார்.

கடைசியாக ஒரு வேலை. உங்கள் நால்வரின் லேப்டாப்பிலும், டெஸ்ட் சர்வரிலும், யாராவது எப்போதோ அனுப்பிய எக்ஸெல் கோப்பிலும் அந்தப் பட்டியலின் பழைய பிரதி கிடக்கிறதா என்று இந்த வாரமே தேடுங்கள். எத்தனை பிரதி, எங்கே, யார் கையில் என்று எழுதி வைத்துவிட்டு, பூட்டி வைத்த பேக்கப் ஒன்றைத் தவிர மற்றவற்றை உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லிவிட்டு அழித்துவிடுங்கள்.