பரம்படித்த வயலும் காய்தோண்டேயின் பச்சையும்

அன்புள்ள ஐயா,

டெல்லியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, தேசிய நவீனக் கலைக்கூடத்தில் இந்திய ஓவியர் வி.எஸ். காய்தோண்டேயின் ஓவியம் ஒன்றைப் பார்த்தேன். சாம்பல் பூத்த பச்சை. உருவம் என்று எதுவுமில்லை. ஆனாலும் கால் மணி நேரம் அதன் முன் நின்றேன்; மனம் அடங்கியது. கைபேசியில் எடுத்த படத்தைப் பார்த்த மருமகன், "கண்ணுக்குக் குளிர்ச்சியான நிறம், அவ்வளவுதான், மற்றபடி வெற்றிடம்" என்றார். அந்த அமைதி நிறத்தால் வந்ததா, ஓவியரால் வந்ததா?

ஒரு வாசகி, மன்னார்குடி

அன்புள்ள அம்மையாருக்கு,

நிறத்தால் மட்டும் வந்திருக்காது என்றே நினைக்கிறேன். பச்சையும் நீலமும் குளிர்ச்சி என்பது வீட்டுச் சுவருக்கு வண்ணம் தேர்வோருக்குப் போதுமான விதி. காய்தோண்டே அடர்ந்த சிவப்பிலும் மஞ்சளிலும் வரைந்திருக்கிறார். அவற்றின் முன்னும் எனக்கு இதே அடக்கம் கூடியிருக்கிறது.

1924இல் பிறந்து 2001இல் மறைந்த அவர், தம் ஓவியங்களை அரூபம் என்று அழைப்பதைக்கூட ஏற்கவில்லை. காட்சிப் பொருள் எதையும் சாராதவை என்றே சொன்னார். அரூபம் என்றால் ஏதோ ஒரு ரூபம் முன்பே இருந்து கழிக்கப்பட்டதாக ஆகிவிடும் அல்லவா? ஜென் பௌத்தச் சிந்தனையில் தோய்ந்த அவர் ஆண்டுக்குச் சில ஓவியங்களே வரைந்தார். தூரிகையை விட்டு உருளையையும் தட்டைக் கத்தியையும் எடுத்துக்கொண்டு, எண்ணெய் வண்ணத்தை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, காய்வதற்கு முன்னும் பின்னும் சில இடங்களில் வழித்தெடுத்து, கீழே கிடக்கும் நிறம் மேலே கசியும்வரை காத்திருந்தார்.

இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குப் பரம்படிப்பதுதான் நினைவுக்கு வருகிறது. நம் டெல்டாக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சேறு கலக்கி உழுத வயலில் பரம்புப் பலகையை இழுத்து, தண்ணீர் விட்டு, மேடு எங்கே தலைகாட்டுகிறது என்று பார்த்து, அங்கிருந்து மண்ணை வழித்துப் பள்ளத்தில் தள்ளி, மறுபடியும் பரம்படித்த பிறகே தண்ணீர் ஒரே ஆழத்தில் நிற்கும். நடவுக்கு முந்தைய மாலையில் அந்த வயலில் ஒன்றுமே இருக்காது. வானம் மட்டும் கிடக்கும். அதில் கால் வைத்தால் என் தந்தையாருக்கு வருகிற கோபம் தனி. உங்கள் மருமகன் வெற்றிடம் என்று சொன்னது அப்படி உழைத்துச் சமன்செய்யப்பட்ட இடத்தைத்தான்.

அடுக்கு என்றதும் நமக்குத் தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்று நினைவுக்கு வரும். அங்கே நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் மறைந்து கிடந்தது. 1931இல்தான் அது வெளியே தெரிந்தது. அங்கு மேலடுக்கு கீழடுக்கை மூடியது; காய்தோண்டேயிடம் மேலடுக்கே கீழடுக்கைக் காட்டிக்கொடுக்கிறது. அவருடைய பச்சைக்கு ஆழம் தோன்றுவது இதனால்தான்.

ஆனால் நிறப்பரப்பு என்றாலே அமைதி என்று நீங்கள் முடிவுகட்டிவிடவும் வேண்டாம். மெல்லிய வண்ணங்களை அடுக்கடுக்காகப் பூசிப் பெரிய செவ்வகங்களை மிதக்கவிட்ட அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோ, நிறங்களின் உறவில் தமக்கு அக்கறையில்லை என்றும் துயரம், பரவசம், அழிவு ஆகிய உணர்ச்சிகளே தம் பொருள் என்றும் சொன்னவர். ஹூஸ்டனில் 1971இல் திறக்கப்பட்ட வழிபாட்டுக் கூடத்தில் அவருடைய 14 ஓவியங்கள் பெரும்பாலும் கறுப்பும் கருஞ்சிவப்புமாக நிற்கின்றன. அங்கு நிலவுவது அமைதி என்றால், அது துக்க வீட்டு அமைதி. ராத்கோவை விரும்புவோர் என்மேல் வருத்தப்பட்டாலும், மனம் அடங்க நான் காய்தோண்டேயிடமே போவேன்.

கைபேசிப் படத்தை வைத்து மருமகனோடு வாதாட வேண்டாம். அதில் தெரிவது மேல்நிறம் மட்டுமே. அடுத்த முறை அவரையும் கலைக்கூடத்துக்கு அழைத்துப்போய், நேர் எதிரே நிறுத்தாமல் சற்றுப் பக்கவாட்டில் நிற்கச் சொல்லுங்கள். கத்தி வழித்த தடங்களில் வெளிச்சம் சாய்ந்து விழும்.