ஆயிரம் சொல் எழுதியும் ஒரு வாக்கியம் வரவில்லை: என்ன செய்வது?

விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்து, பி.காம். முடித்துவிட்டு, வங்கித் தேர்வுக்குத் தயாராகி வருகிறேன். நாளொன்றுக்குப் பத்து ஆங்கிலச் சொற்கள் என்ற கணக்கில், இடப்பக்கம் சொல்லும் வலப்பக்கம் தமிழ்ப் பொருளுமாக நான்கு மாதங்களில் இரண்டு நோட்டுகளை நிரப்பிவிட்டேன். நோட்டைப் புரட்டினால் எல்லாமே தெரிந்த சொற்களாக இருக்கின்றன. அதே சொல் ஆங்கில நாளிதழில் வரும்போது பிடிபடுவதில்லை. நானாக ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தால் ஒன்றுகூட நினைவுக்கு வருவதில்லை. தமிழில் பொருள் எழுதுவதே தவறு, ஆங்கிலத்திலேயே யோசிக்க வேண்டும் என்கிறாள் தோழி. நான் என்ன செய்யட்டும்?"

தோழியின் அறிவுரையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். புதிய சொல் ஒன்றோடு முதல் அறிமுகம் ஏற்படத் தமிழ்ப் பொருளைவிடக் குறுக்கு வழி கிடையாது. கைவசம் சில நூறு சொற்களே இருக்கும் ஒருவரை ஆங்கிலத்திலேயே யோசிக்கச் சொன்னால், அவர் எதைக் கொண்டு யோசிப்பார்? நீங்கள் தமிழில் பொருள் எழுதியது தவறல்ல, அந்தப் பொருளோடு நிறுத்திக்கொண்டதுதான் தவறு. அந்தச் சொல் எந்தச் சொற்களோடு சேர்ந்து வாக்கியத்தில் வரும் என்பது உங்கள் நோட்டில் எங்கும் இல்லை.

உங்கள் துறைச் சொல் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். (எடுத்துக்காட்டுகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன், நோட்டில் ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள்.) "லோன் சாங்ஷன் ஆகிவிட்டது" என்பது வங்கி வாசலில் தினமும் காதில் விழும் பேச்சு. உங்கள் நோட்டிலும் 'சாங்ஷன்' என்பதற்கு எதிரே 'அனுமதி, ஒப்புதல்' என்றுதான் இருக்கும். இனி நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில் 'தி யூ.எஸ். இம்போஸ்ட் நியூ சாங்ஷன்ஸ் ஆன் ஈரான்' என்ற வரியைப் படிக்கிறீர்கள். நோட்டை நம்பினால், அமெரிக்கா ஈரானுக்குப் புதிதாக அனுமதிகள் கொடுத்திருக்கிறது என்று ஆகும். செய்தியோ அதற்கு நேர் எதிரானது. அமெரிக்கா புதிய தடைகளை விதித்திருக்கிறது. ஒரே சொல்லுக்கு ஒன்றுக்கொன்று முரணான இரு பொருள்கள் உண்டு என்பதையும், எந்த இடத்தில் எது என்பதையும் காட்டிக்கொடுப்பவை அக்கம்பக்கத்துச் சொற்களே. 'இம்போஸ்' முன்னால் வந்து, சொல் பன்மையில் நின்று, பின்னால் 'ஆன்' என்று ஒரு நாட்டின் பெயர் வந்தால் தடை. 'தி பேங்க் சாங்ஷன்ட் எ லோன் ஆஃப் ஃபைவ் லேக் ருபீஸ்' என்று வங்கி எழுவாயாகவும் கடன் செயப்படுபொருளாகவும் வந்தால் ஒப்புதல். இந்த இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்து எழுதிவைத்திருந்தால், நாளிதழைப் பார்த்து நீங்கள் திகைத்திருக்க மாட்டீர்கள்.

இதே சிக்கல் தமிழ்ப் பக்கத்திலிருந்தும் வரும். நாம் சட்டை போடுகிறோம், காபி போடுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம், சண்டை போடுகிறோம், மாத்திரையும் போடுகிறோம். ஆங்கிலத்தில் இவை ஐந்துக்கும் ஐந்து வினைகள்: சட்டைக்கு 'வேர்', காபிக்கு 'மேக்', கையெழுத்துக்கு 'சைன்', சண்டைக்கு 'ஃபைட்', மாத்திரைக்கு 'டேக்'. ஆகவே 'டேக் = எடு' என்று எழுதுவதைவிட 'டேக் எ டேப்லெட் = மாத்திரை போட்டுக்கொள்' என்று இணையாகவே எழுதுவது மேல். வேற்றுமை உருபும் இப்படித்தான் காலை வாரும். "பிரச்சினையைப் பற்றி விவாதித்தோம்" என்ற நினைப்பில் 'டிஸ்கஸ்ட்' என்பதை அடுத்து 'அபௌட்' போட்டுவிடுகிறோம். அந்த வினைக்கு அது தேவையில்லை, 'வீ டிஸ்கஸ்ட் தி பிராப்ளம்' என்பதே சரி. "எனக்கு விளக்கினார்" என்பதை 'எக்ஸ்பிளெய்ன்ட் மீ' என்று எழுதுகிறோம். அங்கே 'டு' இல்லாமல் நடக்காது, 'எக்ஸ்பிளெய்ன்ட் இட் டு மீ' என்றுதான் வர வேண்டும். பிழை கண்டறியும் வினாக்களில் இவையெல்லாம் அடிக்கடி தலைகாட்டுபவை என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

எந்த அகராதி என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களுக்கான அகராதி வேறு, அதைக் கற்பவர்களுக்கான அகராதி வேறு. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்துவந்த ஏ.எஸ். ஹார்ன்பி, பொருளோடு நிற்காமல் ஒவ்வொரு வினைக்கும் பின்னால் என்ன வரும் என்பதையும் காட்டும் அகராதி ஒன்றை 1942இல் டோக்கியோவில் வெளியிட்டார்; 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை எடுத்துக்கொண்டது. 'அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ்' என்று பெயர் தாங்கி இன்று வருவது அந்த வழியில் வந்த அகராதியே. ஆங்கிலம்-தமிழ் அகராதியில் பொருளைப் பார்த்த கையோடு, இத்தகைய அகராதியில் வாக்கியத்தையும் பாருங்கள்.

அதன் பிறகு உங்கள் சொந்த வாக்கியம் ஒன்றை எழுதுங்கள். பெரும்பாலோர் கோட்டை விடும் இடம் இது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 'ரிலக்டன்ட்' என்ற சொல்லுக்கு 'ஹீ இஸ் ரிலக்டன்ட்' என்று எழுதினால் அது வாக்கியம்தான், ஆனால் பயனில்லாத வாக்கியம். அந்தச் சொல்லை மறைத்துவிட்டு அங்கே 'ஹேப்பி' என்றோ 'டால்' என்றோ போட்டாலும் பொருந்தும். இப்படி எழுதிப் பாருங்கள்: 'மை ஃபாதர் வாஸ் ரிலக்டன்ட் டு செல் தி கௌ, பட் வீ நீடட் மனி ஃபார் மை காலேஜ் ஃபீஸ்.' சொல்லை மறைத்தாலும், பசுவை விற்க அப்பாவுக்கு மனம் வரவில்லை என்பது வாக்கியத்திலேயே தெரிகிறது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் 'டு' வரும் என்பது கூடுதல் லாபம். இன்னொன்றும் இதில் துலங்கும். 'ரிலக்டன்ட்', 'ஹெசிடேட்' இரண்டுக்கும் நோட்டில் 'தயக்கம்' என்றே எழுதியிருப்பீர்கள். ஆனால் முதலாவது மனமில்லாமை, நாம் அரைமனதாக என்போமே அது. இரண்டாவது, செயலுக்கு முன் ஒரு கணம் நிற்பது: 'ஷீ ஹெசிடேட்டட் பிஃபோர் நாக்கிங் ஆன் தி டோர்.' கதவைத் தட்டுமுன் நின்றவளுக்கு உள்ளே போக ஆசை நிறையவே இருந்திருக்கலாம்.

தெரிந்த சொற்கள் என்று நாம் தாண்டிப்போகிறவற்றையும் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. "ஃபீல் பண்ணாதே" என்றால் தமிழில் வருந்தாதே என்று பொருள். ஆங்கிலத்தில் 'டோன்ட் ஃபீல்' என்று நிறுத்தினால் வாக்கியம் அந்தரத்தில் தொங்கும், 'பேட்' என்பதையும் சேர்த்தாக வேண்டும். நான் வேலை தேடிய காலத்தில், கடுமையாக உழைப்பவன் என்று காட்டிக்கொள்ள விண்ணப்பத்தில் 'ஐ ஒர்க் ஹார்ட்லி' என்று எழுதி அனுப்பினேன். 'நான் வேலை செய்வதே அபூர்வம்' என்று கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறேன் என்பது தெரிய இரண்டு வருடம் ஆயிற்று. அந்த வேலை ஏன் கிடைக்கவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது.

இனி எந்தச் சொற்கள், எத்தனை என்பதற்கு வருவோம். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், கற்பவருக்கு முதலில் தேவைப்படும் சுமார் 2,000 சொற்களின் பட்டியலை 1953இல் வெளியிட்டார். சாதாரண ஆங்கில உரைநடையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை அந்தச் சொற்களே நிரப்பிவிடுகின்றன. அவை உறுதியாகாமல், பயிற்சிப் புத்தகத்தில் இருக்கிறது என்பதற்காக அபூர்வச் சொற்களை அடுக்குவது அஸ்திவாரம் போடாமல் மாடி கட்டும் வேலை. ஹூ, நேஷன் என்ற இருவர் 2000இல் வெளியிட்ட ஆய்வு, பிறர் உதவியின்றி ஒரு கதையைப் புரிந்துகொள்ள அதிலுள்ள நூறு சொற்களில் 98 தெரிந்திருக்க வேண்டும் என்று கண்டது. நாளிதழின் தலையங்கம் உங்களை மிரட்டுவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். தலையங்கத்தை ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். மாவட்டச் செய்திப் பக்கத்தில் தொடங்குங்கள். உங்கள் ஊர்ச் செய்தி தமிழிலேயே தெரிந்திருக்கும் என்பதால், ஆங்கிலச் சொல்லின் பொருள் தானாகவே பிடிபடும். நாளுக்குப் பத்து என்பதை நான்காகக் குறையுங்கள். ஞாயிற்றுக்கிழமை புதுச் சொல் வேண்டாம்.

நோட்டைப் பார்க்கும்போது எல்லாம் தெரிவதுபோல இருக்கிறது என்கிறீர்கள். பார்த்ததும் அடையாளம் தெரிவது வேறு, கேட்டதும் எடுத்துச் சொல்வது வேறு. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து தம்மையே சோதித்து, மறதி முதல் சில மணி நேரங்களில்தான் மிக வேகமாக நிகழ்கிறது என்று 1885இலேயே எழுதினார். அதனால் முதல் சோதனை அன்று இரவே நடக்க வேண்டும், அதுவும் விடையை மறைத்துக்கொண்டு. 1970களில் செபாஸ்டியன் லைட்னர் பரப்பிய அட்டைப்பெட்டி முறை இதற்குத் தோதானது. வீட்டில் கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டினால் அட்டை தயார், மூன்று ஸ்வீட் பெட்டிகள் போதும். முதல் பெட்டியைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை எடுங்கள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்கு முன்னேறும். தவறினால் முதல் பெட்டிக்கே திரும்பும்.

அட்டையின் முன்பக்கம் "அவர் இரண்டு தவணை கட்டத் தவறினார்" என்று தமிழிலும், கீழே 'ஹீ ______ ஆன் டூ இன்ஸ்டால்மென்ட்ஸ்' என்று கோடிட்டும் எழுதுங்கள். பின்பக்கத்தில் 'டிஃபால்ட்டட்' என்ற விடையும், கட்டத் தவறியவர் 'டிஃபால்ட்டர்' என்ற குறிப்பும், உங்கள் சொந்த வாக்கியமும் இருக்கட்டும். உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் மட்டும் குறித்து நம்பிவிடாதீர்கள். கைப்பேசி அகராதியில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

நிரப்பிய இரண்டு நோட்டுகளைத் தூக்கிப் போட வேண்டாம். நாளுக்கு ஒரு பக்கமாக வலப்பக்கத்தைக் கையால் மறைத்துப் பாருங்கள். சொல்லி வாக்கியமும் அமைக்க முடிகிறவற்றை அடித்துவிடுங்கள். மற்றவற்றில், கடந்த ஒரு மாதத்தில் எங்காவது படித்த நினைவிருக்கும் சொற்களை மட்டும் அட்டைக்கு மாற்றுங்கள். பக்கத்துக்கு மூன்று தேறினாலும் சில மாதங்களுக்கு வேலை இருக்கிறது. மிஞ்சியவை என்றாவது ஒரு நாள் நாளிதழில் எதிர்ப்படும்போது பார்த்துக்கொள்ளலாம்.